அத்தியாயம் 5: பெட்டியை எங்கே இறக்குவது?

கலந்தாய்வு முடிந்து கல்லூரியில் சேர வருகிற அன்று அலுவலக மேசையில் ஒரு படிவம் தருவார்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், கட்டண ரசீது என்று எல்லாவற்றையும் மூன்று முறை சரிபார்க்கிற அப்பாக்கள் அந்தப் படிவத்தில் ஒரு கேள்வியை மட்டும் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவார்கள். ஹாஸ்டலா, டே ஸ்காலரா? "பையன் வெளியில தங்கிப் பழக்கமில்ல சார்" என்பார் ஒருவர். "வீட்ல இருந்தா போனைப் பார்த்துட்டே உட்கார்ந்துடுவான், ஹாஸ்டல்லயே போட்டுடுங்க" என்பார் அடுத்தவர். பேனா ஏதோ ஒரு கட்டத்தில் டிக் அடித்துவிடும். பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கும், எங்கே சாப்பிடும், புரியாத பாடத்தை யாரிடம் போய்க் கேட்கும் என்பதெல்லாம் அந்த டிக்கில் அடங்கியிருக்கிறது.

உடற்கூறியல் ஆசிரியராகவும், சில ஆண்டுகள் ஆண்கள் விடுதிக்குத் துணை வார்டனாகவும் இருந்தவன் நான். முதல் இன்டர்னல் தேர்வில் தவறியவர்களைக் கூப்பிட்டுப் பேசும்போது பாடத்தைப் பற்றிப் பிறகுதான் கேட்பேன். "எங்கே தங்கியிருக்கே? நேத்து எத்தனை மணிக்குப் படுத்தே?" இந்த இரண்டுக்கும் வருகிற பதிலிலேயே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

விடுதியில் இருப்பவர்கள் நன்றாகப் படிக்கிறார்களா, வீட்டிலிருந்து வருபவர்களா என்று பல நாடுகளில் ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. அதில் வியப்பதற்கும் ஒன்றுமில்லை. நான்கு பேர் நெருக்கியடித்துக் கிடக்கும் அறையும் விடுதிதான், ஜன்னலோரம் மேசை போட்ட தனியறையும் விடுதிதான். கல்லூரிக்கு அடுத்த தெருவில் இருப்பதும் வீடு, இரண்டு பஸ் மாறிப் போவதும் வீடு. ஆகவே எது உயர்ந்தது என்ற பட்டிமன்றத்தை விட்டுவிடுவோம். உங்களுக்கு, இந்த ஆண்டுக்கு, எது பொருந்தும் என்று கண்டுபிடிக்க உதவுவதுதான் இந்த அத்தியாயத்தின் வேலை.

படிப்பின் கணக்கு

எம்பிபிஎஸ் என்பது நாலரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு பயிற்சி மருத்துவர் பணியும் சேர்ந்தது. அந்தக் கடைசி ஓராண்டைத்தான் சிஆர்ஆர்ஐ என்றும் ஹவுஸ் சர்ஜன் என்றும் சொல்கிறோம். முதலாண்டில் அனாடமி, ஃபிசியாலஜி, பயோகெமிஸ்ட்ரி என்று மூன்று பாடங்கள். கேட்கும்போது மூன்றுதான். அனாடமி ஒன்றுக்கே உடலின் ஒவ்வொரு பகுதிக்கும் தனிப் புத்தகம், டிசெக்‌ஷன் ஹால், ஹிஸ்டாலஜி ஸ்லைடு, எலும்பு, ரெக்கார்டு, வைவா என்று அடுக்கடுக்காக வரும்.

தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளில் இரண்டை மனத்தில் இருத்துங்கள். தேர்வெழுத தியரி வகுப்பில் 75 சதவீதமும் செய்முறையில் 80 சதவீதமும் வருகை வேண்டும். 2023-ல் வந்த விதிகளின்படி முதலாண்டுத் தேர்வை அதிகபட்சம் 4 முறைதான் எழுதலாம், முழுப் படிப்பையும் 9 ஆண்டுகளுக்குள் முடித்தாக வேண்டும். பொறியியல் கல்லூரி அண்ணன்போல அரியரைச் சுமந்துகொண்டே மேலே போய்விடலாம் என்ற எண்ணம் இங்கே எடுபடாது. முதலாண்டில் கால் ஊன்றுவது மிக முக்கியம். தங்குமிடம் அதிகம் பாதிப்பதும் அந்த ஆண்டைத்தான்.

தங்குமிடம் மதிப்பெண்ணைத் தொடும் மூன்று வழிகள்

முதலாவது, நேரம். வீட்டு வாசலிலிருந்து வகுப்பு வாசலுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வர 3 மணி. வாரத்துக்கு 6 நாள், ஆண்டுக்கு 40 வாரம் என்றால் 720 மணி நேரம். இரவும் பகலும் சேர்த்து முழுதாக 30 நாள் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்விடுகிறது. அந்த நேரம் முழுவதும் வீண் என்று சொல்லமாட்டேன். புறப்படும் நிலையத்திலேயே ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறவர் செங்கல்பட்டிலிருந்து பூங்கா நிலையம் வருவதற்குள் ஒரு பாடத்தைத் திருப்பிப் பார்த்துவிடலாம். நடுவழியில் ஏறி ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பையையும் பிடித்துக்கொண்டு வருபவருக்கு அது வெறும் களைப்பு. பயணத்தைக் கணக்கிடும்போது நிமிடத்தோடு, உட்கார இடம் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

இரண்டாவது, தூக்கம். பகலில் படித்தது மூளையில் நிலைப்பதற்குத் தூக்கம் தேவை. இதை ஃபிசியாலஜி வகுப்பில் நீங்களே படிப்பீர்கள், படித்த அன்றே விடிய விடிய விழித்திருக்கவும் செய்வீர்கள். பேருக்குத் தெரிந்த உண்மை, பழக்கத்துக்கு வராத உண்மை. விடுதியில் அறைத்தோழரின் விளக்கு, வராந்தா அரட்டை, நள்ளிரவுப் பிறந்தநாள் கேக் ஆகியவை தூக்கத்தைத் தின்னும். வீட்டிலிருந்து வருபவருக்கு அதிகாலை 5 மணி அலாரம் தின்னும். தின்பது எதுவானாலும் மறுநாள் காலை 8 மணி வகுப்பில் தலை சாயும்.

மூன்றாவது, துணை. இரவு 10 மணிக்கு பிரேக்கியல் பிளெக்சஸ் புரியவில்லை. யாரிடம் கேட்பீர்கள்? விடுதியில் இருப்பவர் பக்கத்து அறைக் கதவைத் தட்டுவார். "அக்கா, இதை ஒரு தடவை போட்டுக் காட்டுங்களேன்" என்றால், இரண்டாமாண்டு அக்கா பழைய நோட்டின் பின்பக்கத்தில் ஐந்து கோடு இழுத்து ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். வீட்டில் இருப்பவர் யூடியூபில் தேடி முக்கால் மணி நேரம் கழித்து வேறு ஏதோ பார்த்துக்கொண்டிருப்பார். எந்தக் கேள்வி வைவாவில் திரும்பத் திரும்ப வரும், செய்முறைத் தேர்வில் அடையாளம் காண வைக்கும் எந்த ஸ்பாட்டர் பல வருடமாக அதே மேசையில் இருக்கிறது, ரெக்கார்டில் எந்தத் தேதிக்குள் கையெழுத்து வாங்காவிட்டால் வம்பு என்பதெல்லாம் அறிவிப்புப் பலகையில் வருவதில்லை. மெஸ்ஸில் தோசைக்கு நிற்கும் வரிசையில்தான் வரும்.

நேரம், தூக்கம், துணை. இனி ஒவ்வொரு ஏற்பாட்டையும் இந்த மூன்றாலும் உரசிப் பார்ப்போம்.

வீட்டிலிருந்து போய்வருதல்

நல்ல சாப்பாடு, துவைத்த துணி, காய்ச்சல் வந்தால் கஞ்சி. இவற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விடுதி மாணவர் ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் துணிக்கும் சாப்பாட்டுக்கும் செலவிடும்போது உங்களுக்கு அந்த நாள் மிச்சம். மனம் சோர்ந்தால் பேச ஆள் உண்டு. தூக்கமும் ஓரளவு ஒழுங்காக இருக்கும்.

குறை துணையில்தான். மாலை 4 மணிக்கு வகுப்பு முடிந்ததும் டே ஸ்காலர் பஸ்ஸுக்கு ஓடுகிறார். கூட்டுப் படிப்பு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வீட்டிலோ வேறு வேலைகள் காத்திருக்கும். "டாக்டருக்குப் படிக்கிற பிள்ளை" என்று சொந்தக்காரர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும், தம்பிக்கு நீட் பாடம் சொல்லிக்கொடுக்கவும், கல்யாண வீட்டில் முகம் காட்டவும் கூப்பிடுவார்கள். நாள் முழுக்க ஃபார்மலின் நெடியில் நின்று கண் எரிய வந்த பிள்ளை இரவு 8 மணிக்குப் புத்தகத்தைத் திறக்கும்போது கூடத்தில் தொடர் ஓடிக்கொண்டிருக்கும்.

வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் எடுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சென்னையில் தண்டவாளத்தில் தண்ணீர் நிற்கிற நாளில் காலைச் செய்முறை வகுப்பு போனால், 80 சதவீதத்தில் அது ஓட்டை.

என் அனுபவத்தில் எழுந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு வழிப் பயணம் முக்கால் மணிக்குள் என்றால் வீடே நல்லது. ஒரு மணியைத் தாண்டினால் முதலாண்டில் மட்டுமாவது விடுதியில் இருங்கள். இடைப்பட்டவர்கள் கீழ்க்கண்டவற்றைச் செய்து பார்க்கலாம்:

• மாலை 6 வரை கல்லூரி நூலகத்தில் இருந்துவிட்டுக் கிளம்புங்கள். கூட்டம் குறையும், அன்றைய பாடமும் ஒரு சுற்று முடியும்.
• வாரத்தில் இரண்டு மாலையாவது விடுதி நண்பர்களோடு சேர்ந்து படியுங்கள். நீங்கள் கொண்டுபோகும் வீட்டுப் பலகாரம் உங்களை அங்கே வரவேற்கும்.
• வீட்டில் எல்லோரும் அறிந்த படிப்பு நேரம் ஒன்றை வையுங்கள். 8 முதல் 10 வரை விருந்தாளி வந்தாலும் கூப்பிடக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டால், உங்கள் அறைக்கு அவரே காவல் நிற்பார்.
• தேர்வுக்கு முந்தைய ஒரு மாதத்துக்கு விடுதியில் விருந்தினராகத் தங்க அனுமதி உண்டா என்று முன்பே வார்டனிடம் கேட்டு வையுங்கள்.

விடுதி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே தீர்த்து வைத்துவிட்டது. 1918-ல் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அது. எம்பிபிஎஸ் மாணவர்கள் வளாக விடுதியில் தங்கித்தான் படிக்கிறார்கள். கல்லூரி வளாகம் பாகாயத்தில், பெரிய மருத்துவமனை சில கிலோமீட்டர் தள்ளி ஊருக்குள். அந்தத் தூரத்தைக் கல்லூரிப் பேருந்து பார்த்துக்கொள்கிறது. சேர்ந்து வாழ்வதும் பாடத்தின் பகுதிதான் என்பது அந்த ஏற்பாட்டின் உட்பொருள். மற்றக் கல்லூரிகளில் பெரும்பாலும் தேர்வு உங்கள் கையில்.

நேரமும் துணையும் விடுதியில் தாராளம். பத்து நிமிடத்தில் வகுப்பு, மதியம் கொஞ்சம் கண்ணயர இடம், கதவைத் தட்டினால் சீனியர். தமிழ் வழியில், அரசுப் பள்ளியில் படித்து வந்தவர்களுக்கு நான் முதலாண்டில் விடுதியைத்தான் சொல்வேன். பாடப்புத்தகத்தின் ஆங்கிலம் முதல் மூன்று மாதம் சுவர்போல நிற்கும். ஒரே பக்கத்தை நான்கு பேர் தமிழில் பேசிப் பேசித் தாண்டும்போது அந்தச் சுவரில் படி விழும். 2020-ல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்குக் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. காசுக்குத் தயங்கி விடுதியை விட்டுவிடாதீர்கள். அலுவலகத்தில் கேளுங்கள்.

குறை தூக்கத்தில். ஒருமுறை மாணவன் ஒருவன் இரண்டு இன்டர்னலிலும் தவறி வந்தான். பள்ளியில் முதல் மாணவன். எப்போது படிக்கிறாய் என்றேன். "ராத்திரி சார், ரூம்ல எல்லாரும் ராத்திரிதான் படிப்பாங்க" என்றான். பள்ளிக்காலத்தில் விடியற்காலை 4 மணிக்கு எழுந்து படித்துப் பழகியவன் அவன். அறையில் மூன்று பேர் இரவு 2 மணி ஆட்கள். அவர்கள் படிக்கும்போது தான் மட்டும் தூங்கக் கூச்சம். அவர்களோடு விழித்திருந்து பாதி நேரம் அரட்டை, பாதி நேரம் கொட்டாவி. வராந்தாவின் கடைசியில் விடிகாலை ஆள் ஒருவன் இருந்த அறைக்கு அவனை மாற்றினோம். மறு தேர்வில் அவன் முதலிடம் பிடித்துவிடவில்லை. தேறினான், அதன் பிறகு தவறவில்லை. ஒரு கட்டிலை நகர்த்தியதற்கு அது போதுமான பலன்.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று. அறைத்தோழரைத் தேர்ந்தெடுக்கும்போது ஊரையும் சாதியையும் சினிமா ரசனையையும் பார்க்காதீர்கள். எத்தனை மணிக்குப் படுப்பார் என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே அறைக்கு நான்கு விதிகள் பேசி முடித்துவிடுங்கள்:

• பெரிய விளக்கு எத்தனை மணிக்கு அணையும்? அதன் பிறகு படிப்பவர் மேசை விளக்கில் படிக்க வேண்டும் அல்லது படிப்பறைக்குப் போக வேண்டும்.
• போன் பேச்சு வெளியே. வீடியோ ஹெட்செட்டில்.
• அலாரம் வைத்தவரே எழுந்து அணைக்க வேண்டும். 4 மணி அலாரம் மூன்று பேரை எழுப்பிவிட்டு, வைத்தவர் குறட்டை விடுவது பல அறைகளின் வழக்கம்.
• தேர்வுக்கு முந்தைய வாரம் அறையில் விருந்தாளி கிடையாது.

சண்டை வந்த பிறகு விதி பேசினால் அது குற்றப்பத்திரிகை ஆகிவிடும். முதல் வாரத்தில் பேசினால் வெறும் பேச்சு.

மெஸ் பற்றி இரண்டு வார்த்தை. பல அரசுக் கல்லூரி விடுதிகளில் டிவைடிங் சிஸ்டம்தான். மாதச் செலவை உறுப்பினர் எண்ணிக்கையால் வகுத்து பில் போடுவார்கள். மெஸ் செகரட்டரி உங்களில் ஒருவராகத்தான் இருப்பார். அந்தப் பொறுப்பு நல்ல அனுபவம், ஆனால் முதலாண்டிலும் இறுதியாண்டிலும் எடுக்காதீர்கள். காய்கறிக் கணக்கும் கேஸ் சிலிண்டரும் பாடப்புத்தகத்துக்கு விட்டுவைக்கிற நேரம் குறைவு. காலை உணவைத் தவிர்த்துவிட்டு டிசெக்‌ஷன் ஹாலில் மணிக்கணக்கில் நிற்காதீர்கள். மயங்கி விழுபவர்களில் பலர் பிணத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் இல்லை, பட்டினியாக வந்தவர்கள்.

பெண்கள் விடுதிக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஆண்கள் விடுதிக் கதவு இரவு வெகுநேரம் திறந்திருக்க, பெண்கள் விடுதியில் மாலையிலேயே கணக்கெடுப்பு முடிந்துவிடும். நூலகம் திறந்திருக்கும், போக முடியாது. ஒரே கட்டணம் கட்டிப் படிக்கும் மாணவிக்கு நூலக நேரம் குறைவதை ஒழுக்கம் என்ற பெயரால் நியாயப்படுத்த முடியாது. தனித்தனியாக முணுமுணுக்காமல் வகுப்புப் பிரதிநிதி மூலம் எழுதிக் கொடுங்கள். நூலகத்துக்கும் விடுதிக்கும் இடையே வெளிச்சமும் காவலரும் கேளுங்கள். அது வரும்வரை விடுதிக்குள்ளேயே ஓர் அறையைப் படிப்பறையாக ஒதுக்கச் சொல்லுங்கள்.

இனி பகடிவதை. 1996-ல் ஒரு மருத்துவ மாணவர் விடுதியில் சீனியரால் கொல்லப்பட்ட பிறகுதான் தமிழ்நாட்டில் 1997-ல் பகடிவதைத் தடைச் சட்டம் வந்தது. இன்று ஒவ்வொரு கல்லூரியிலும் தடுப்புக் குழு இருக்க வேண்டும். 1800-180-5522 என்ற தேசிய உதவி எண் உண்டு. "சும்மா ஜாலிக்கு" என்று இரவு 12 மணிக்கு எழுப்பி ரெக்கார்டு எழுதச் சொல்வதும் பகடிவதைதான். நோட்டைக் காட்டிச் சொல்லித்தரும் சீனியரும், நோட்டைத் தந்து எழுதச் சொல்லும் சீனியரும் ஒருவரல்ல. முதலாமவரை அண்ணா, அக்கா என்று கொண்டாடுங்கள். இரண்டாமவரைப் பற்றி முதல் நாளே வார்டனிடம் சொல்லுங்கள்.

வெளியே அறை எடுத்தல்

விடுதியில் இடம் இல்லாதபோதோ, அமைதி வேண்டும் என்றோ சிலர் பிஜியிலும் வாடகை வீட்டிலும் தங்குகிறார்கள். இரண்டாமாண்டுக்கு மேல் இது சிலருக்கு மிகவும் பொருந்தும். முதலாண்டில் பொருந்துவது அபூர்வம். வாடகை, தண்ணீர், கேஸ், குப்பை, வீட்டுக்காரர் என்று ஒரு குடும்பத்தலைவரின் வேலை முழுவதும் 18 வயதில் தலையில் ஏறும்.

மூன்று மாணவர்கள் வீடு எடுத்த கதை ஒன்று. மோட்டார் ஓடுகிறதா என்று பார்க்க மாடிக்கு வந்த வீட்டுக்கார அம்மா ஜன்னலைப் பார்த்தார். திட்டில் ஒரு தொடை எலும்பு, பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. அன்று மாலையே காலி செய்யச் சொல்லிவிட்டார். "ஆன்ட்டி, அது பிளாஸ்டிக்" என்று தட்டித் தட்டிக் காட்டியும் பயனில்லை. "பிளாஸ்டிக்கோ நிஜமோ, வெள்ளிக்கிழமை விளக்கேத்துற வீடுப்பா" என்றார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது மூவரும் வீடு தேடி அலைந்தார்கள், இருவர் அனாடமியில் தவறினார்கள். வாடகை பேசும்போதே மருத்துவ மாணவர் என்பதையும், எலும்புப் பெட்டி இருக்கும் என்பதையும், இரவு டூட்டி முடித்துக் காலையில் வருவீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். மறுப்பவர் முதல் நாளே மறுக்கட்டும்.

ஒப்பந்தம் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்று வரம்பு வைத்திருக்கிறது. பத்து மாத அட்வான்ஸ் கேட்டால் பேசிப் பார்க்க உங்களிடம் ஒரு பிடி உண்டு. பெண்களுக்கான தனியார் விடுதிகள் 2014-ஆம் ஆண்டு சட்டப்படி உரிமம் பெற்றிருக்க வேண்டும். கேட்டால் காட்டத் தயங்குகிற விடுதியில் பெட்டியை இறக்காதீர்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். மஞ்சள் காமாலையோ டைஃபாய்டோ வந்து ஒரு மாதம் ஊரில் படுத்தால் போவது மதிப்பெண் மட்டுமா? வருகைச் சதவீதமும் சேர்ந்தே போகும்.

அம்மா உடன் வந்து வீடெடுத்துத் தங்குவது நம் ஊரில் வளர்ந்துவரும் வழக்கம். சாப்பாடும் உடல்நலமும் சீராகும், அதில் ஐயமில்லை. ஆனால் அங்கே ஊரில் அப்பாவும் தம்பியும் ஓட்டல் சாப்பாட்டில் இருக்கிறார்கள் என்ற பாரம் பிள்ளையின் தோளில் ஏறும். ஒரு டெஸ்ட்டில் குறைந்தால், "உனக்காகத்தானே இங்க வந்து கிடக்கிறேன்" என்ற ஒரு வாக்கியம் எந்த அரட்டையை விடவும் தூக்கத்தைக் கெடுக்கும். முதல் ஆறு மாதம் என்று காலவரம்பு வைத்துக்கொண்டு வாருங்கள், அம்மா. அதற்குள் பிள்ளைக்கு ரசம் வைக்கவும் சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒரு கணக்கு

ஐந்தரை ஆண்டுக்கும் ஒரே ஏற்பாடு என்று முடிவெடுக்காதீர்கள்.

முதலாண்டில் துணைக்கு முதலிடம். கூட்டத்தோடு இருங்கள்.

இரண்டாமாண்டில் பேத்தாலஜி, ஃபார்மகாலஜி, மைக்ரோபயாலஜி. நிறையப் படித்து நிறைய நினைவில் வைக்க வேண்டிய காலம். வார்டு போஸ்டிங்கும் தொடங்கிவிடும். உங்களுக்கென்று ஒரு படிப்பு முறை இதற்குள் வந்திருக்கும். அதற்கு ஒத்த அறைக்கு மாறலாம்.

இறுதியாண்டில் மருத்துவமனைக்கு அருகாமைதான் முக்கியம். மெடிசின், சர்ஜரி, மகப்பேறு, குழந்தை மருத்துவம் எல்லாம் நோயாளியின் கட்டிலருகே கற்க வேண்டியவை. தேர்விலும் நோயாளியைப் பார்த்து, கேட்டு, தொட்டு, கேஸ் சொல்ல வேண்டும். மாலை 7 மணிக்கு நல்ல மர்மர் உள்ள நோயாளி வார்டில் சேர்ந்திருக்கிறார் என்று குழுவில் செய்தி வந்தால், ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய் நிற்பவர் அந்த ஒலியைக் கேட்டுவிடுவார். ஒன்றரை மணி தூரத்தில் இருப்பவர் மறுநாள் வரும்போது கட்டிலில் வேறு ஆள் இருப்பார்.

சிஆர்ஆர்ஐ ஆண்டில் இரவு டூட்டிகள் வரும். விடிய விடிய நின்றுவிட்டுத் தூக்கக் கலக்கத்தில் பைக்கில் நெடுந்தூரம் போகவே போகாதீர்கள். டூட்டி அறையிலோ விடுதியிலோ தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். முதுநிலை நீட்டுக்குப் படிப்பவர்களுக்கு இந்த ஆண்டில் பகலில் தூங்க ஏற்ற இருட்டறை ஒன்று கிடைத்தால் அது பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணத்தைவிடப் பெரிது.

மதிப்பெண் இறங்கினால்

உடனே பெட்டியைக் கட்டாதீர்கள். ஒரு வாரம் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம், பயணத்தில் போனது, புத்தகத்தோடு உட்கார்ந்தது, புரியாததை யாரிடமாவது கேட்டீர்களா. ஏழு நாள் முடிந்ததும் நோயைக் கண்டுபிடிப்பதுபோல் கண்டுபிடியுங்கள்.

தூக்கம் 6 மணிக்குக் கீழே என்றால், கோளாறு அறையில் அல்லது அலாரத்தில். அறை மாற்றம் கேளுங்கள். பயணம் நாளுக்கு இரண்டு மணியைத் தாண்டினால் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். தூக்கம், நேரம் இரண்டும் போதுமான அளவு இருந்தும் யாரிடமும் கேள்வி கேட்கவில்லை என்றால் குழு தேடுங்கள், வீடு மாறத் தேவையில்லை. மூன்றும் சரியாக இருந்தும் மதிப்பெண் ஏறவில்லையா? அப்போது பிரச்சினை தங்குமிடத்தில் இல்லை, படிக்கும் முறையில். அடுத்த அத்தியாயம் அதற்குத்தான்.

ஒன்றை மட்டும் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாடு பிடிக்கவில்லை, யாரையும் பார்க்கப் பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே மனமில்லை என்றால் அது சோம்பல் இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, இணையவழிக் கருத்துக்கணிப்பில் பதில் சொன்ன இளநிலை மருத்துவ மாணவர்களில் 27.8 சதவீதம் பேர் தமக்கு மனநலச் சிக்கல் இருப்பதாகத் தெரிவித்திருக்கிறார்கள். நால்வர் தங்கும் அறையில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நீங்களாக இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், உங்கள் கல்லூரியின் மனநல மருத்துவத் துறைக்கும் போகலாம். அடுத்த கட்டிலில் இருப்பவராக இருந்தால் கூட நடந்து போங்கள்.

பெற்றோருக்கு

சேர்க்கைக்கு வரும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாக வாருங்கள். விடுதிக் கழிவறையைப் பாருங்கள், மெஸ்ஸில் ஒரு வேளை சாப்பிடுங்கள், படிப்பறையில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். வராந்தாவில் நிற்கும் இரண்டாமாண்டு மாணவரிடம், "ராத்திரி 11 மணிக்கு இங்க எப்படிப்பா இருக்கும்?" என்று கேளுங்கள். அவர் சிரித்தால் அந்தச் சிரிப்பிலும் தகவல் உண்டு. இதையெல்லாம் பிள்ளையோடு சேர்ந்து பார்த்துவிட்டு, படிவத்தை அவர் கையில் கொடுங்கள். அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியவர் அங்கே தூங்கி எழப்போகிறவர்தான்.